மின்சாரத்திற்கும் காவல் வேண்டும்

நம் கிணற்றில் நீர் இறைக்கும் மின்சாரத்தை நெடுந்தொலைவிலிருந்து நெறிப்படுத்துபவை இன்று கணிப்பொறிகளே. ஆகவே, கம்பியை அறுக்காமலே அதனைத் தடுக்கப் பகைவரால் இயலும்.

2015 டிசம்பர் 23-ஆம் நாள் உக்ரைன் நாட்டில் அவ்வாறே நிகழ்ந்தது. ஊழியர்களுக்கு வஞ்சக மின்னஞ்சல் விடுத்து உட்புகுந்தோர், சுமார் 2,25,000 மின்நுகர்வோரை இருளில் ஆழ்த்தினர். ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கு நேரில் சென்று, கையால் இயக்கி, சில மணி நேரத்தில் மின்சாரத்தை மீட்டனர்.

நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பாதுகாப்புக்குரியவை என அரசு அறிவித்த கணிப்பொறி அமைப்புகளுள் அத்துமீறி நுழைவோருக்கு 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கின்றது. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும்; அணைந்த விளக்கை அது ஏற்றாது. ஆதலால், ஊழியரின் விழிப்பும் கையால் இயக்கும் பயிற்சியும் சட்டத்திற்குத் துணை நிற்றல் வேண்டும். அவற்றை நாம் கைவிடலாகாது.