அந்த லாரி வகுப்பறைக்குள்ளும் வரட்டும்!



வறுமையைப் பச்சையாகச் சொல்லும் நாவலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்கலாமா? கூடாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார் எதிரணித் தலைவர். ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில் எங்கெங்கே கெட்ட வார்த்தை இருக்கிறது என்று பக்க எண்ணோடு சொன்னார். ஐயா, பத்தாம் வகுப்புப் பையன்கூட அவ்வளவு கவனமாகப் படிக்கமாட்டான்! (சிரிப்பு, கைதட்டல்)

கதை என்ன? 1930களில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மழை இல்லை. மண்ணெல்லாம் புழுதியாப் பறக்குது. குத்தகைக் குடியானவன் வீட்டை டிராக்டர் இடிக்குது. ஜோடு குடும்பம் ஒரு பழைய காரை வெட்டி லாரியாக்கி, தட்டுமுட்டுச் சாமானோடு தாத்தா பாட்டியையும் ஏத்திக்கிட்டு கலிபோர்னியாவுக்குக் கிளம்புது. பெரியவர்கள் இரண்டு பேரும் வழியிலேயே கண்ணை மூடிவிடுகிறார்கள்.

எதை நம்பிக் கிளம்பினார்கள்? ஒரு துண்டு நோட்டீஸை! அதன் கணக்கை நாவலில் ஒருவன் சொல்கிறான். வேண்டியது 800 ஆள். அச்சடிப்பது 5,000 நோட்டீஸ். பார்ப்பவர்கள் 20,000 பேர். அதில் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் வந்து நின்றால் கூலி என்ன ஆகும்? இதைப் படித்த பிள்ளைக்குப் பொருளாதாரப் பாடம் தனியா வேணுமா, நடுவர் அவர்களே? (கைதட்டல்)

நாவல் வந்தது 1939இல். அதே ஆண்டு ஆகஸ்டில் கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்ட நிர்வாகக் குழு, 4க்கு 1 என்று வாக்களித்து, நூலகங்களிலும் பள்ளிகளிலும் அதைத் தடை செய்தது. கெர்ன் எந்த ஊர் தெரியுமா? ஜோடு குடும்பத்தைப் போன்றவர்கள் பிழைக்க வந்து பருத்தி பறிச்ச ஊர்! யாருக்குச் சுட்டதோ அவர்களே தடுத்தார்கள். நூலகர் கிரெட்சன் நீஃப் எதிர்த்துக் கடிதம் எழுதினார். 1940இல் புலிட்சர் பரிசு வந்தது. தடை நீங்கியதோ 1941இல். 1962இல் ஸ்டைன்பெக் நோபல் பரிசே வாங்கிவிட்டார். அப்புறமும் 1980இல், அயோவா மாநிலத்துக் கனாவாவில் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்திலிருந்து அதை எடுத்தார்கள்!

முடிவுக் காட்சி சங்கடமானதுதான். பிள்ளையைப் பறிகொடுத்த இளம்தாய், பசியால் சாகக் கிடக்கும் முகமறியாத மனிதனுக்குத் தாய்ப்பால் கொடுக்கிறாள். வகுப்பில் ஒருத்தன் சிரிப்பான், ஒத்துக்கறேன். பிறகு வாத்தியார் எதற்கு? 'படிச்சுட்டு வா'ன்னு அனுப்பினா தப்பு. கூட உட்கார்ந்து படிக்கணும். ஒரு பெற்றோர் வேண்டாம் என்றால், அவர் பிள்ளைக்கு வேறு நூல் கொடுங்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவரே முடிவு செய்யலாமா?

எதிரணிச் சகோதரி கேட்டதில் நியாயம் இருக்கிறது. 'அதே வகுப்பில் இருக்கிற ஏழைப் பிள்ளை கூசிப்போகாதா?' அம்மா, பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளை அன்று கெர்ன் பள்ளிகளில் 'ஓக்கி' என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவன் இந்த நாவலைப் படிச்சுட்டா செய்தான்? படிக்காமல் செய்தான்! (பலத்த கைதட்டல்) படித்திருந்தால், 'இவனுக்கும் வழியில் புதைத்த ஒரு தாத்தா இருப்பாரோ' என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பான். கூச வேண்டியது பசித்தவன் அல்ல என்பதை அந்தப் பிள்ளைக்கு வேறு யார் சொல்வது?

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. புத்தகத்தை மூடினால் பசி தீர்ந்துவிடாது. திறந்து வையுங்கள் என்று தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. (கைதட்டல்)