பிடித்த கதையும் பட்ட கதையும்



ஒரு நாவலையோ திரைப்படத்தையோ பற்றி, 'அது எனக்குப் பிடித்திருந்தது' என்று ஒருவர் கூறுவது மிகச் சிறிய சொற்றொடர். ஆயினும் அதனுள்ளே அவருடைய வாழ்வின் பெரும் பகுதி ஒடுங்கிக் கிடத்தலும் உண்டு. உள்ளத்திலே எழும் உணர்ச்சி உடம்பிலே வெளிப்படுதலை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். நகை, அழுகை முதலாக அவற்றை எட்டென வகுத்தார். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், கவிதையை ஆராய்தலினும் அநுபவித்தலே முதன்மையானதென வாழ்நாளெல்லாம் வற்புறுத்தினார். ஆகவே, 'ஏன் பிடித்தது?' என்னும் வினாவை அற்பமானதெனத் தள்ளிவிடுதல் ஆகாது. 'ஏன் பிடிக்கவில்லை?' என்னும் வினாவோ அதனினும் ஆழமானது.

கண்டியிலிருந்து கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச்செல்லும் பெருவீதியிலே அமைந்த ஊர் புசல்லாவை. 1840களில் வேர்ம்ஸ் சகோதரர் இங்குள்ள ரொத்சைல்ட் தோட்டத்திலே கோப்பி பயிரிட்டதோடு, சீனத்துத் தேயிலைக் கன்றுகளையும் நட்டுப் பார்த்தனர். 1869ஆம் ஆண்டளவில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன்பின் மலைகளெல்லாம் தேயிலையாயின. அம்மலைகளிலே உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் இன்றும் லயக் காம்பராக்களில் வாழ்கின்றனர். அத்தகைய காம்பரா ஒன்றிலே மூன்று தலைமுறையினர் இருப்பதாகக் கொள்வோம். குடும்பம் கற்பனையே, ஆயினும் இத்தகைய குடும்பங்கள் மலையகத்திலே பல.

அவ்வீட்டு மூதாட்டி எழுபதைக் கடந்தவர். கொழுந்துக் கூடையின் கயிறு தலையிலே பதித்த தடம் இன்னும் மாறவில்லை. மகன் ஐம்பதை எட்டியவர், நூல்களிலே பற்றுடையவர். பேத்தி உயர்தர வகுப்பிலே கலைப்பிரிவில் பயில்பவள்.

மூதாட்டிக்குப் பிடித்தவை எம். ஜி. இராமச்சந்திரன் படங்கள். அவர் 1917ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் நாவலப்பிட்டியிலே பிறந்தவர் என்பதனால், மலையக மக்கள் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே கருதினர். ஆனால், அன்பு அதனால் மட்டும் வளர்ந்ததன்று. 1965இல் வெளிவந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யை எண்ணிப் பார்க்கலாம். அடிபட்டு ஒடுங்கிய ஒருவனுடைய இடத்திலே, அவனைப் போன்றே உருவமுடைய மற்றொருவன் வந்து நிற்கின்றான். இதுவரை அடித்தவன் கையிலிருந்த சாட்டை இடம் மாறுகின்றது. பெரட்டுக் களத்திலே கங்காணியின் அதட்டலையும் துரையின் சினத்தையும் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, அக்காட்சி வெறும் பொழுதுபோக்காகுமா? படித்தோர் சிலர் அதனை மலிவான கனவு என்பர். கனவுதான். ஆயினும், நிமிர்ந்து நிற்பதாகக் கனவேனும் காணாதவன் நிமிர முயலுவதில்லை. 1975இல் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' மலையக வாழ்வையே திரைக்குக் கொண்டுவந்தபோது, அதனைக் காணவும் அம்மூதாட்டி போனவர்தாம்.

மகனுடைய விருப்பம் வேறு. அவர் நாடுவது பட்டதைப் பட்டபடி கூறும் எழுத்து. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யிலே, நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சீரழியும் மருதியை அவர் மறப்பதில்லை. மடகொம்பரையிலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் அளித்த நூல், பின்னர் 'தேயிலைத் தோட்டத்திலே' எனச் சக்தீ அ. பாலஐயாவின் மொழிபெயர்ப்பாகத் தமிழுக்கு வந்தது. வைகறையிலே முழங்கும் தப்பொலியோடு தொடங்கும் அந்நூல் அவருக்கு உயிர். தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974), தி. ஞானசேகரனின் 'குருதிமலை' (1979) ஆகியவையும் அவருடைய தகரப் பெட்டியிலே பத்திரமாக உள்ளன.

இனிப் பேத்தியின் செய்தி. பாலா இயக்கி 2013இல் வெளிவந்த 'பரதேசி'யை அவள் ஒருநாள் கைத்தொலைபேசியிலே பார்த்தாள், அழுதாள். வால்பாறைத் தோட்டங்களிலே மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலைத் தழுவியது அப்படம். இரா. முருகவேள் அந்நாவலை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். நாவலிலே தொழிலாளர்பால் பரிவு கொண்ட மருத்துவர், படத்திலே வேறோர் உருவம் பெற்றுவிட்டார் என்று குறை கூறினோரும் உளர். கதை நிகழ்வது ஆனைமலையில், இலங்கையில் அன்று. ஆயினும் அங்கும் கங்காணி உண்டு, தீராத முற்பணக் கடன் உண்டு, அட்டைக்கடி உண்டு. பேத்திக்கு எதுவும் அந்நியமாகத் தோன்றவில்லை.

மறுநாள் மாலை அப்பாயியும் பார்க்கவேண்டுமென அவள் தொலைக்காட்சியிலே அப்படத்தைப் போடுகின்றாள். கிராமத்திலே நாயகன் தமுக்கடித்துத் திரியும் காட்சிகளை மூதாட்டி சிரித்தபடி பார்க்கின்றார். பின்னர் ஊரார் கூட்டமாகத் தோட்டத்தை நோக்கி நடக்கின்றனர். வழியிலே ஒருவன் நோயுற்று விழுகின்றான். அவனை அங்கேயே விட்டுவிட்டுக் கூட்டம் நகர்கின்றது. மனைவியையும் இழுத்துச் செல்கின்றனர். மூதாட்டி எழுந்து வெளியே போய்விடுகின்றார்.

"ஏன் அப்பாயி, பிடிக்கலையா?" என்கிறாள் பேத்தி.

"பட்டதைப் படத்திலயும் பார்க்கணுமா ஆயி?" என்பதே விடை.

உண்மையைக் கண்டு ஒதுங்கலாகாது என்று மகன் வாதிக்கின்றார். பேத்தியோ மற்றொரு வினாவை எழுப்புகின்றாள்: "எங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஏன் எங்களை அழவே வைக்கிறார்கள்? நாங்கள் பரிதாபத்துக்கு மட்டும் உரியவர்களா?" இவ்வினாவை எளிதிலே ஒதுக்கிவிட முடியாது. பாரதியார் பீஜித் தீவைக் காணாமலே, அங்குக் கரும்புத் தோட்டத்திலே வாடிய பெண்களுக்காக உருகிப் பாடினார். அவ்விரக்கம் மகத்தானது. ஆயினும், பிறர் இரக்கத்திலே மட்டும் தன் முகத்தைக் காணும் ஓர் இளம் உள்ளம் சோர்ந்துபோதலும் இயல்பே.

அப்படியாயின், சாட்டையைப் பறிக்கும் கனவு ஒன்றே போதுமா? போதாது. இவ்விடத்திலேதான் மூதாட்டி எழுந்து போனதன் பொருளை உணர்தல் வேண்டும். அவர் வெளியே போனது, படம் பொய் என்பதாலன்று. அக்கதை அவருக்கு முன்னமே தெரியும் என்பதால். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, மன்னார்க் கரையிலிறங்கி மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்த கூட்டங்களிலே, வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் எண்ணற்றோர். அவ்வாறு வழியிலே விடப்பட்ட ஒருவரைப் பற்றி அவருடைய பாட்டி அவருக்குக் கூறியிருந்தார். அவர் அதனைத் தம் மகனுக்கும் கூறியதில்லை, பேத்திக்கும் கூறியதில்லை. அன்றிரவு, அடுப்பங்கரையிலே, முதன்முறையாகக் கூறுகின்றார்.

ஒன்று கூறத் தொடங்கியவர் அதனோடு நிற்பதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மூதாட்டியின் தமக்கை அந்தப் பங்கீட்டிலே போனவர். தலைமன்னாரிலே கப்பலேறியவர் இன்று நீலகிரியிலே கோத்தகிரிப் பக்கம் இருக்கின்றார். அங்கும் தேயிலை, அங்கும் மலை. தாயகம் திரும்பியவர் எனப் பெயர். ஆனால் அவர் பிறந்ததோ புசல்லாவையில்.

அதே 1964ஆம் ஆண்டிலேதான் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' நாவல் வெளிவந்தது. பச்சையென எண்ணிக் கடல் கடந்து வந்தோரின் கதைக்கு, 'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்னும் பழமொழியினும் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? மகன் தம் பெட்டியிலிருந்து அதனை எடுத்துக் கொடுக்க, பேத்தி இரவுதோறும் சில பக்கங்களை உரக்க வாசிக்கின்றாள். படத்தைப் பார்க்க மறுத்த மூதாட்டி இதனைக் கேட்கின்றார். கேட்பதோடு அமையாது, இடையிடையே மறுத்தும் பேசுகின்றார்: "எங்க மலையில அப்படியில்லை. தப்பு அடிக்கும் முன்னே எழும்பிடுவோம். மழை பேஞ்சா அரைப்பேர்தான். ஆனாலும் மாசி மாசம் காமன் கூத்து வந்தா, லயம் முழுக்கச் சிரிப்பும் பாட்டுந்தான்." அழுகையோடு நகையும் பெருமிதமும் அப்போது வீட்டுக்குள் நுழைகின்றன. பேத்தி தேடிய விடையும் அதுவே.

திரையிலே ஓடும் காட்சி எவருக்காகவும் நிற்பதில்லை. மனம் பொறாதவர் எழுந்து போகத்தான் வேண்டும். வாசிப்போ, கேட்பவர் கைகாட்டினால் நிற்கும். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும். ஆயினும், அந்த நாவலைத் திறக்கச் செய்ததும் அந்தப் படமே. மூதாட்டியின் வாயைத் திறந்ததும் அவருக்குப் பிடிக்காத அந்தக் காட்சியே. எனவே, கனவு காட்டும் படமும் துயர் காட்டும் படமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முன்னது தலைநிமிரக் கற்பிக்கின்றது. பின்னது எதன் கீழிருந்து நிமிர்ந்தோம் என்பதை நினைவூட்டுகின்றது. இரண்டையும் கண்டபின் சொந்தக் கதையைக் கூறத் தொடங்குதலே மூன்றாவது படி.

மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023ஆம் ஆண்டிலே பல இடங்களிலும் நினைவுகூர்ந்தனர். அந்த இருநூறு ஆண்டுக் கதையிலே அச்சேறியது சிறிது. அடுப்பங்கரையோடு நின்றது பெரிது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோறும் வழங்கிய நாட்டுப் பாடல்களைத் திரட்டி வைத்திராவிடின் அவற்றுள் எத்தனை இன்று எஞ்சியிருக்கும்? பள்ளி நூலகங்களிலே மலையக நாவல்கள் இடம்பெறுதல் வேண்டும். ஆசிரியர் மாணவரிடம், 'நூலாசிரியர் பிறந்த ஆண்டு யாது?' என வினவுவதோடு நில்லாது, 'எந்த இடத்திலே உன் மனம் பொறுக்கவில்லை? வீட்டிலே யாரிடம் அதைப் பற்றிக் கேட்டாய்?' எனவும் வினவுதல் வேண்டும்.

புசல்லாவை மலையிலே பனி இறங்கும் நேரம் அந்தப் பேத்தி ஒரு கொப்பியைத் திறந்து வைத்திருக்கின்றாள். கோத்தகிரியிலிருந்து பெரிய அப்பாயியும் தொலைபேசியிலே இருக்கின்றார். வழியிலே விடப்பட்டவருடைய பெயர் என்ன என்பதிலே இரு மூதாட்டியருக்கும் ஒரு சிறு வழக்கு. இருவர் கூறும் பெயரையும் அவள் எழுதிக்கொள்கின்றாள்.