ஒரு பந்தோடு முடிந்துவிடாத வாழ்க்கை

(அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்வில் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று நான் செய்த ஒரு தவறைச் சொல்லித் தொடங்குகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். நன்றாகக் கால்பந்து ஆடுபவர். ‘பிற ஈடுபாடுகள்’ என்ற இடத்தில் ‘கதை எழுதுவேன்’ என்று குறிப்பிட்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டே, "ஆட்டம், படிப்பு இரண்டும் போதும் தம்பி. இதை விட்டுவிடு" என்றேன். சென்ற ஆண்டு அவருக்கு முழங்காலில் பலத்த அடி. இனி ஆட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நலம் விசாரிக்கப் போனபோது, "இப்போது எழுதலாமே" என்றேன். "நீங்கதானே மாமா விடச் சொன்னீங்க. நோட்டையெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டுட்டேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவு என் நினைவுக்கு வந்தவர் கரீம் அப்துல் ஜப்பார். 1947இல் நியூயார்க்கில் பிறந்த கூடைப்பந்து வீரர். 7 அடி 2 அங்குல உயரம். 1968இல் இஸ்லாத்தைத் தழுவி, 1971இல் இந்தப் பெயரைச் சட்டப்படி ஏற்றார். 20 பருவங்கள் தொழில்முறை ஆட்டம், 6 முறை சாம்பியன். 1989இல் ஓய்வு பெற்றபோது அவர் எடுத்திருந்த புள்ளிகள் 38,387. அந்தச் சாதனையை முறியடிக்க 2023 வரை ஒருவரும் வரவில்லை.

ஆனால் அவர் பந்து மட்டும் அறிந்தவர் அல்லர். 17 வயதில், 1964 கோடையில், ஹார்லெமில் நடந்த இளைஞர் திட்டத்தில் பத்திரிகை எழுத்துப் பயிற்சி பெற்றார். மார்ட்டின் லூதர் கிங்கின் செய்தியாளர் சந்திப்பில், நிருபர்களோடு நிருபராக நின்றார். ஆடிய காலத்தில் வெளியூர்ப் பயணங்களில் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படித்தார். ஹோம்ஸ் மனிதர்களைக் கூர்ந்து கவனிப்பதைப்போல் எதிரணியினரைக் கவனிக்கக் கற்றதாக அவரே கூறியிருக்கிறார். படிப்பு ஆட்டத்தைக் கெடுக்கவில்லை, கூர்மையாக்கியது.

ஓய்வுக்குப் பின் இரண்டாம் உலகப்போரில் போரிட்ட கறுப்பின டாங்கிப் படையினர் பற்றி வரலாற்று நூல் எழுதினார். ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்டை நாயகனாக வைத்து, இன்னோர் எழுத்தாளரோடு சேர்ந்து 2015இல் நாவல் வெளியிட்டார். அரிசோனாவில் அப்பாச்சி பழங்குடிப் பிள்ளைகளின் பள்ளி அணிக்கு ஒரு பருவம் உதவிப் பயிற்சியாளராக இருந்து, அந்த அனுபவத்தையும் நூலாக்கினார்.

2019இல் தம் சாம்பியன் மோதிரங்கள் நான்கையும் வேறு பல நினைவுப் பொருட்களையும் ஏலத்தில் விற்றார். கிட்டத்தட்ட 30 இலட்சம் டாலர் கிடைத்தது. அதில் பெரும்பகுதி, ஏழைப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்கும் அவருடைய அறக்கட்டளைக்குப் போனது. மோதிரத்தை அலமாரியில் பூட்டி வைப்பதா, ஒரு பிள்ளையின் வாழ்க்கையை மாற்ற வாய்ப்புத் தருவதா என்றால், முடிவெடுப்பது எளிது என்பது அவர் தந்த விளக்கம்.

பெற்றோர்களே! விளையாட்டு வீரரின் உடலுக்குக் காலக்கெடு உண்டு. முப்பத்தைந்து, நாற்பது வயதில் முடிந்துவிடும். அடிபட்டால் பதினெட்டிலேயே முடியும். அதன்பின் அந்தப் பிள்ளை யாராக வாழ்வான்? படிப்பை மட்டுமே பிடித்திருக்கும் பிள்ளைக்கும் இதே கேள்விதான். மதிப்பெண் குறைந்த அன்று அவன் கையில் வேறு என்ன இருக்கும்? எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்யட்டும் என்று நான் சொல்லவில்லை. அப்துல் ஜப்பார் ஆட்டத்தில் ஒருநாளும் குறை வைத்தவர் அல்லர். அல்லாஹ் தந்த இன்னொரு ஆர்வத்தை நாமாகப் பிடுங்கி எறிய வேண்டாம் என்கிறேன்.

நம் படிவத்தில் அந்தக் கேள்வி பல ஆண்டுகளாக இருக்கிறது. பதிலை நாங்கள் படித்ததில்லை. இவ்வாண்டு முதல், இன்ஷா அல்லாஹ், தேர்வுக் குழுவினர் அதை வாசித்து, ஒவ்வொரு மாணவரிடமும் அதைப் பற்றிப் பேசுவோம்.

அந்தத் தம்பிக்குப் புது நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டுவிட்டேன். இன்னும் எழுதத் தொடங்கவில்லை என்கிறார். அவருக்காக துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.