நிலத்தடி நீருக்கும் காவல் வேண்டும்



2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்தது. நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் குழாய்கள் வறண்டன. ஆறு ஓடுவது, ஆகவே சில நாட்களில் நீர் திரும்பியது. கிணற்று ஊற்று அத்தகையதன்று. மண்ணுக்கடியில் நீர் மெல்ல நகர்வதால், புகுந்த நஞ்சு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடக்கூடும்.

நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த காவிரிப் படுகையில் இவ்வச்சமே எழுந்தது. நீரும் மணலும் இரசாயனமும் கலந்து பேரழுத்தத்துடன் செலுத்தி, பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் முறை ஒன்றுண்டு. ஆழம் குறைந்த இடத்தில் அதைச் செய்தால், பிளவுக்கும் கிணற்று நீருக்கும் இடையே காப்பாக நிற்கும் பாறை சொற்பமே. 2017இல் நெடுவாசல் மக்கள் எரிவாயுத் திட்டத்தை எதிர்த்துப் போராடினர். 2020இல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றி, அப்படுகையில் புதிதாக எண்ணெயும் எரிவாயுவும் தேடுவதைத் தடுத்தது. முன்பே இயங்கியவற்றை அச்சட்டம் தொடவில்லை. அது குறையென்றே நாம் கருதுகிறோம்.

சிலாங்கூரில் அத்தகைய பாறைப் பிளப்பு இல்லை. எனினும், தொழிலுக்காக நிலத்தடி நீரை எடுப்போர், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த லுவாஸ் வாரியத்தின் உரிமம் பெறவேண்டும். தோட்டத்தருகே துளையிடும் இயந்திரம் வந்தால், உரிமம் உண்டா என்று நாம் கேட்கலாம். கிணற்று நீரில் நாற்றமோ நிறமாற்றமோ கண்டால், குடிப்பதை நிறுத்தி, மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அன்றே தெரிவிப்போம்.