சின்னப்பம்பட்டியிலிருந்து பிரிஸ்பேன் வரை

(காரைக்குடியில் ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நான் உடற்கல்வி ஆசிரியர் அல்ல, அறிவியல் ஆசிரியர். ஆனாலும் இன்று விளையாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மைதானத்தில் ஒளிரும் பிள்ளையின் எதிர்காலத்தில் வகுப்பாசிரியருக்கும் பங்கு உண்டு என்பதுதான் காரணம்.

நம் பக்கம் கண்மாய் வற்றியதும் ஸ்டம்பு நட்டுவிடுவார்கள். டென்னிஸ் பந்து, கடன் வாங்கிய மட்டை, வாராவாரம் டோர்னமென்ட். "இதெல்லாம் சோறு போடுமா?" என்று நாமும் கேட்டிருப்போம். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒருவர் இருக்கிறார்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன், 1991-இல் பிறந்தவர். தந்தை நெசவுத் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் கோழிக்கறி விற்றவர். ஐந்து பிள்ளைகளில் இவர் மூத்தவர். இருபது வயது வரை ஆடியதெல்லாம் டென்னிஸ் பந்துதான். அதே ஊர் ஜெயப்பிரகாஷ் இவரது திறமையைக் கண்டு சென்னைக்கு அழைத்துப் போனார். கிளப் ஆட்டங்களில் படிப்படியாக உயர்ந்து, 2015 ஜனவரியில் தமிழ்நாடு ரஞ்சி அணிக்காக முதல் ஆட்டம் ஆடினார்.

அதோடு கதை சுபமாக முடியவில்லை. பந்து வீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்று சந்தேகம் எழுந்தது. பழகிய கையை 23 வயதில் மாற்றிப் பழக்க வேண்டிய நிலை. பயிற்சியாளர்கள் துணையோடு மாற்றிக்கொண்டார். 2016-இல் டி.என்.பி.எல். தொடங்கியது. அதில் நம் ஊர்ப் பெயரில் 'காரைக்குடி காளை' அணி ஆடியது உங்களுக்கு நினைவிருக்கும். நடராஜன் ஆடியது திண்டுக்கல் அணிக்கு. அங்கே வீசிய யார்க்கர்கள் அவரைக் கவனிக்க வைத்தன. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரை 3 கோடிக்குப் பஞ்சாப் அணி எடுத்தது.

அதன்பிறகு ஹைதராபாத் அணிக்குப் போனார். 2018, 2019 இரண்டு ஆண்டும் ஓர் ஆட்டத்தில்கூட இறக்கப்படவில்லை. 2020-இல் வாய்ப்பு வந்தது. 16 விக்கெட் எடுத்தார். வலைப்பயிற்சியில் பந்து வீச ஆஸ்திரேலியா போனவர், டிசம்பர் 2-இல் ஒருநாள் ஆட்டம், டிசம்பர் 4-இல் டி20, 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று மூன்றிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் அப்படி அறிமுகமான முதல் இந்தியர் அவரே.

அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் உண்டு. அந்நாட்டுக் கால்பந்தில் 'டைட் எண்ட்' என்றொரு இடம். எதிராளியை முட்டித் தடுக்கவும் வேண்டும். ஓடிப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். டெட்ராய்ட் நகரப் பள்ளியில் அந்தக் கால்பந்து, கூடைப்பந்து இரண்டும் ஆடியவர் அன்டோனியோ கேட்ஸ். பிறகு கென்ட் ஸ்டேட் கல்லூரிக்கு ஆடியது கூடைப்பந்து மட்டும். 2003-இல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஒருவரும் அவரை எடுக்கவில்லை. ஆனாலும் சான் டியேகோ அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 2025-இல் புகழரங்கில் இடம்பெற்றார். பள்ளி மைதானத்தில் கற்றது வீண்போகவில்லை.

ஒன்று கவனியுங்கள். அங்கே பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாமல் தொழில்முறை அணியில் சேர முடியாது. அதனால் பெரும்பாலோர் கல்லூரி வழியாகத்தான் போகிறார்கள். நம் பிள்ளைகளுக்கோ பத்தாம் வகுப்பு வந்தால் 'படிப்பா, விளையாட்டா' என்று ஒன்றை விடச் சொல்கிறோம். உடற்கல்விப் பாடவேளையையும் பாடம் முடிக்க நாமே வாங்கிக்கொள்கிறோம்.

ஆயிரம் பேர் ஓடினாலும் அணியில் பதினொருவர்தான். ஆகவே எல்லோரையும் நடராஜன் ஆக்குவது நம் வேலை அல்ல. ஆட வழிவிடுவதும், ஆட்டம் கைவிட்டாலும் படிப்பு கைவிடாமல் பார்ப்பதும் நம் வேலை.

சின்னச் சின்னச் செயல்கள்தாம். 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் பெயர் கொடுக்கும்போது பிறந்த தேதி சான்றுகளில் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். குறுவட்டப் போட்டியிலிருந்து வாங்கும் ஒவ்வொரு சான்றிதழையும் நகல் எடுத்துக் கோப்பில் வையுங்கள். உயர்கல்வியிலும் அரசுப் பணியிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்போடு மைதானத்தை விட்டு ஒதுங்கும் பெண் பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பேசுங்கள்.

போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம், "எங்கேடா ஊர் சுத்திட்டு வர்றே?" என்று கேட்க வேண்டாம். "ஜெயிச்சியா? சரி, விட்ட பாடத்தைச் சாயங்காலம் சொல்லித் தர்றேன், வா" என்று சொல்வோம்.

நடராஜனுக்கு ஊரில் ஓர் அண்ணன் கிடைத்தார். அப்படி ஒருவர் கிடைக்காத பிள்ளைக்குப் பள்ளியில் ஓர் ஆசிரியராவது கிடைக்க வேண்டும்.