அடிநாதத்திற்கு அலங்காரம் தேவையா?

(பங்கின் வெள்ளிவிழாவை முன்னிட்டுப் பாடகர் குழுவினரும் பங்குப் பேரவையினரும் கூடிய கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



வெள்ளிவிழாச் செலவுத் திட்டத்தில் ஒரே ஒரு செலவு மட்டும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. பாடகர் குழுவில் பேஸ் கித்தார் வாசிக்கும் தம்பிக்கு 'எஃபெக்ட் பெடல்'கள் வாங்கித் தரவேண்டும் என்று இளைஞர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெடலும் வேண்டாம், அந்தக் கித்தாரும் வேண்டாம் என்று பெரியவர்கள் சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு தாள்களும் நம் மேசைமேல் இருக்கின்றன. தொகை பெரிதல்ல. ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி பெரிது. கோவிலில் எழுகிற ஓசை யாருக்காக என்பதே அந்தக் கேள்வி. ஆகவே இதை அவசரப்படாமல் ஆராய்வோம்.

முதலில், பேஸ் கித்தார் என்றால் என்ன என்று பெரியவர்களுக்குச் சொல்லிவிடுவோம். ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் வேலையைத் தோளில் மாட்டிக்கொண்டு செய்வதற்காக, அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவி அது. வழக்கமாக நான்கு தந்திகள். மிகத் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஆண்களின் சாதாரணப் பேச்சுக்குரல்கூட வினாடிக்கு நூறு அதிர்வுகளை ஒட்டியே இருக்கும். ஆக, இந்தக் கருவியின் இடம் நம் குரல்களுக்கெல்லாம் கீழே இருக்கிறது. மேலே பாடுகிறவர்கள் தடுமாறாமல் நிற்க, கீழே தளம் போட்டுக் கொடுப்பதே அதன் வேலை.

இது நமக்குப் புதிய செய்தியல்ல. கச்சேரியில் தம்பூரா பின்னால் இருந்து ஆதார சுருதியைத் தாங்குகிறது. மேனாட்டுப் பேராலயங்களில் ஆர்கன் வாசிப்பவர் அடிக்குரலைக் காலால் வாசிக்கிறார். அவர் மிதிக்கும் கட்டைகளுக்கும் பெடல் என்றே பெயர். நம் ஊர்க் கோவில்களில் கால் ஆர்மோனியம் இருந்த காலத்தில், மிதி நின்றால் பாட்டு நின்றுவிடும் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். ஆகவே பெடல் என்ற சொல்லைக் கேட்டே யாரும் மிரள வேண்டாம். கோவிலுக்குள் அது எப்போதோ வந்துவிட்டது.

இப்போது இளைஞர்கள் கேட்கும் பெடலைப் பார்ப்போம். கித்தாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் தரையில் வைக்கும் சிறு பெட்டி அது. காலால் அழுத்தினால் கித்தாரின் ஒலி மாறும். ஒருவகைப் பெட்டி ஒலியை அளவுக்கு மீறிப் பெருக்கி, அலையின் உச்சியை வெட்டி, கரகரப்பை உண்டாக்குகிறது. இன்னொன்று அதே ஒலியின் நகலைச் சற்றுத் தாமதித்து, சுருதியில் சிறிது அலையவிட்டுக் கலந்து, பலர் சேர்ந்து வாசிப்பதுபோல் காட்டுகிறது. வேறொன்று எதிரொலி கொடுக்கும். மற்றொன்று ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஒலியைச் சேர்க்கும். 'கம்ப்ரெஸர்' என்பது உரத்த ஒலியை அடக்கி, மெல்லிய ஒலியைத் தூக்கி, இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் நிறுத்தும். நம் பங்கில் கம்ப்ரெஸர் என்றால் காற்றை அழுத்தும் இயந்திரம் என்றுதான் பாதிப்பேருக்கு நினைவு வரும். இது ஓசையை அழுத்துகிறது, அவ்வளவே.

இந்தக் கரகரப்புப் பெட்டி பிறந்த கதை சுவையானது. 1960இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் பாட்டு ஒலிப்பதிவானது. அதில் கிரேடி மார்ட்டின் என்பவர் ஆறு தந்தி பேஸ் கித்தார் வாசித்தார். ஒலிப்பதிவு மேசையின் ஒரு பகுதி பழுதாகிவிட, கித்தார் ஒலி கரகரத்துப் பதிவாயிற்று. அதை நீக்காமல் அப்படியே விட்டார்கள். 1961இல் பாட்டு வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. மற்றவர்களும் அந்தக் கரகரப்பைக் கேட்டு வந்தார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதே ஓசையைத் தரும் சிறு பெட்டி ஒன்றை வடிவமைக்க, கிப்சன் நிறுவனம் 1962இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழுது ஒன்று பண்டமாக மாறியது! கரகரப்புப் பெடலின் கதை ஒரு பேஸ் கித்தாரில் தொடங்கியிருப்பதால், பேஸுக்கும் பெடலுக்கும் சம்பந்தமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1965இல் அத்தகைய பெட்டியைக் கொண்டு பேஸ் வாசித்திருக்கிறார். ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்ற மேதை தாமதப் பெட்டியின் உதவியால் மேடையில் தனியொருவராகவே பலராக வாசித்துக் காட்டினார். மேடையில் அது ஒரு கலை.

ஆயினும் 'தேவையா' என்பதே நம் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஒரு மனிதரை அறிமுகப்படுத்துகிறோம். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில் 1960களில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். ஒரு ஃபெண்டர் கித்தார், வலக்கையின் ஆள்காட்டி விரல், கித்தாரிலிருந்து நேரே ஒலிப்பதிவு மேசைக்குப் போகும் ஒரு வயர். இவ்வளவுதான் அவருடைய சாதனங்கள். அவர் வாசித்த பாடல்களை உலகமே பாடியது. ஆனால் பல ஆண்டுகள் இசைத்தட்டு உறையில் அவர் பெயர் அச்சாகவில்லை. 1971இல்தான் அவருடைய நிறுவனத்தின் ஓர் இசைத்தட்டில் அது இடம்பெற்றது. 1983இல் அவர் இறந்தார். இன்று பேஸ் கற்பவர்கள் அவரை ஆசானாகக் கொள்கிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம். 1976இல் தொடங்கிய இளையராஜாவின் திரையிசையில் பேஸ் கித்தார் வெறும் தாளத்துணையாக நிற்பதில்லை. பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டாகவே அது ஓடுகிறது. அவர் மேனாட்டுச் சுரக்குறிப்பில் எழுதிக் கொடுக்க, சசிதரன் போன்ற கலைஞர்கள் வாசித்தார்கள். ஏ. ஆர். ரகுமானின் பாடல்களுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸும் நம் சென்னைக்காரரே. பாட்டின் சொற்களை மறந்தவர்கள்கூட அந்த அடிவரிகளை 'தும் தும்' என்று வாயால் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். வாயால் சொல்லும்போது எந்தப் பெட்டியின் உதவியும் இல்லை. ஆனாலும் வரி நிற்கிறது. எந்தச் சுரம், எப்போது தொடங்கி எப்போது நிற்க வேண்டும் என்பதில்தான் பேஸின் உயிர் இருக்கிறது.

இனி, திருச்சபை என்ன சொல்கிறது? 1903இல் பாப்பரசர் புனித பத்தாம் பத்திநாதர் கோவிலுக்குள் பியானோவையும், மேளம் போன்ற இரைச்சல் கருவிகளையும் தடைசெய்தார். இதைப் பெரியவர்கள் சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் திருச்சபை அங்கேயே நின்றுவிடவில்லை. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், குழாய் ஆர்கனைப் போற்றிய அதே இடத்தில், புனித வழிபாட்டுக்குப் பொருந்துவதும், ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றதும், இறைமக்களின் பக்தியை வளர்ப்பதுமான மற்றக் கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்றது. 1967 மார்ச் 5இல் வெளியான திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுரை இன்னும் தெளிவானது. கருவிகள் பாடுகிறவர்களைத் தாங்கலாம், மக்கள் பங்குகொள்வதை எளிதாக்கலாம். ஆனால் பாட்டின் சொற்கள் விளங்காதபடி குரலை மூழ்கடிக்கக் கூடாது என்கிறது அதன் 64ஆம் எண். புனித சின்னப்பரும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில், குழலும் யாழும் தெளிவான சுரம் தராவிட்டால் கேட்பவனுக்கு என்ன விளங்கும் என்ற பொருளில் கேட்கிறார். கித்தார் நல்லதா கெட்டதா என்ற தர்க்கத்தில் இறங்காமல், சொல் கேட்கிறதா என்று பாருங்கள் என்பதே நமக்கு இவை தரும் அளவுகோல்.

அந்த அளவுகோலை நம் கோவிலில் வைத்துப் பார்ப்போம். நம் கோவிலுக்குக் கான்கிரீட் கூரை, பளபளக்கும் கல்தரை, வெறுஞ்சுவர். ஓசை இங்கே எளிதில் அடங்காது. கூடியிருக்கும் மக்களும் அவர்கள் உடைகளும் மேல்சுரங்களை ஓரளவு உறிஞ்சிக்கொள்வார்கள். அடிச்சுரங்களை அவ்வளவாக உறிஞ்சமாட்டார்கள். பேஸின் மிகத் தாழ்ந்த சுரத்தின் ஓர் அலை ஏறத்தாழ 27 அடி நீளம். சுவரில் நாம் மாட்டியிருக்கும் ஒலிபெருக்கிகளோ பேச்சுக்காகச் செய்தவை. அவ்வளவு நீண்ட அலையை அவற்றால் சரியாகத் தரமுடியாது. இதற்குமேல் கரகரப்பையும் எதிரொலியையும் சேர்த்தால் என்ன ஆகும்? முன்வரிசையில் கித்தார் முழங்கும். பின்வரிசைக்கு வெறும் அதிர்வும் இரைச்சலுமே போய்ச் சேரும்.

பின்வரிசையில் யார் நிற்கிறார்கள்? நைட் ஷிப்டு முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சீருடையோடு நேரே திருப்பலிக்கு வருகிறவர்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்து, தமிழ்ப் பாடலைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்கிறவர்கள். கைக்குழந்தையோடு வாசலோரம் நிற்கும் தாய்மார்கள். சொல் காதில் விழுந்தால் அவர்கள் பாடுவார்கள். விழாவிட்டால் வாய்மூடி நிற்பார்கள். இரண்டு வாரம் வாய்மூடி நின்றவர் மூன்றாம் வாரம் வாசலுக்கு வெளியே நிற்பார். அன்பர்களே, நமக்கு இதுவே கவலை.

ஆகவே நம் முடிவைச் சொல்கிறோம்.

முதலாவது, பேஸ் கித்தார் நம் பாடகர் குழுவில் இருக்கும். பெரியவர்களே, நீங்கள் உருகிப் பாடும் ஆர்மோனியமும் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பிறந்து இங்கே வந்ததுதான். வயலினும் கடல் கடந்து வந்ததே. வெளியிலிருந்து வந்தவற்றை ஏற்று, பழக்கி, நம்முடையதாக்கிக் கொண்டோம். ஓவர்டைம் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் அதை விட்டுவிட்டு ஓர் இளைஞர் கித்தாரைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு வருகிறார் என்றால், அவரை வாசலில் நிறுத்துவது நமக்கு அழகல்ல.

இரண்டாவது, திருப்பலியில் பேஸ் வாசிக்க அலங்காரப் பெடல்கள் தேவையில்லை. தேவைப்படுபவை வேறு: சுருதி சேர்ந்த தந்திகள், அடங்கிய கை, பாடுகிறவரைக் கவனிக்கும் காது. பங்குப் பணத்தில் இரண்டு பொருள்கள் வாங்கலாம். ஒன்று, சுருதி பார்க்கும் பெடல். அதை மிதித்தால் ஒலி நின்றுவிடும். வாசிப்பவர் சத்தமின்றிச் சுருதி சேர்த்துக்கொள்வார். மறையுரை நேரத்தில் தந்தி முறுக்கும் ஓசையைக் கேட்டவர்கள் இதன் அருமையை உணர்வார்கள்! மற்றொன்று, 'டி.ஐ. பாக்ஸ்' எனப்படும் இணைப்புப் பெட்டி. நீண்ட வயரில் 'ங்' என்ற இரைச்சல் ஏறாமல் கித்தாரின் ஒலியை ஒலிபெருக்கி மேசைக்குக் கொண்டுசேர்ப்பது அது. கம்ப்ரெஸர் ஒன்று இரவலாகக் கிடைத்தால் அளவோடு பயன்படுத்தலாம். தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாட்டைத் தாங்க மட்டுமே என்ற ஒழுங்கையும் மறவாதீர்கள்.

மூன்றாவது, மீதிப் பணம் பின்பக்க ஒலிபெருக்கிகளைச் சரிசெய்யப் போகட்டும். வாசலில் நிற்பவருக்கும் சொல் கேட்கட்டும்.

நான்காவது, இளைஞர்களே, மற்றப் பெடல்களை நாம் பழிக்கவில்லை. கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சியிலும், பாஸ்கா நாடகத்திலும், இளைஞர் விழா மேடையிலும் தாராளமாக வாசியுங்கள். முன்வரிசையில் அமர்ந்து கேட்போம்.

வாசிக்கும் தம்பிக்கு ஒரு சொல். தம்பூராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு சிறு நூலை வைப்பார்கள். அதனால் நாதத்தில் ஜீவன் வருகிறது என்பார்கள். ஆகவே தந்தியின் ஒலியை மெருகேற்றுவது நம் மரபுக்கு விரோதமல்ல. ஆனால் அந்த நூல் தந்திக்குள் இருக்கும் ஒலியையே வெளிக்கொணர்கிறது. பாடகரின் குரலை மூடுவதில்லை. எந்தப் பெட்டியை வாங்குமுன்னும் இந்த நூலை நினைத்துக்கொள். ஒரு ஞாயிறு கித்தாரை நண்பர் கையில் கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் நின்று பாடிப் பார். அங்கே என்ன கேட்கிறது என்பதை உன் காதே சொல்லும்.

1998 முதல் கார்கள் உருவாகி வெளிவரும் ஊர் நம் இருங்காட்டுக்கோட்டை. பெயிண்ட் ஷாப்பில் பூசிய நிறத்தை எல்லோரும் மெச்சுகிறார்கள். பாடி ஷாப்பில் வைத்த வெல்டிங்கை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆனால் வண்டி குலுங்கும்போது உள்ளே இருப்பவர்களைக் காப்பது அந்த வெல்டிங்தான் என்பது அந்த வேலையைச் செய்யும் உங்களுக்குத் தெரியும். உடலின் உறுப்புகளில் வலுக்குறைந்தவையாகத் தோன்றுபவையே மிகவும் இன்றியமையாதவை என்று புனித சின்னப்பர் போதிப்பதும் இதுவே. இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் கோவிலைப் பெருக்கியவர்கள், கோவில் மணி அடித்தவர்கள், நாற்காலி சுமந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இந்தப் பங்கைத் தாங்கிய அடிநாதம் அவர்களே.

வெள்ளிவிழாத் திருப்பலியில் நம் பாடகர் குழு பாடட்டும், பேஸ் கித்தார் தாங்கட்டும், கடைசி வரிசையில் நிற்பவரின் குரலும் அதோடு சேரட்டும். எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் உங்கள் கைகளின் உழைப்பையும் ஆசீர்வதிப்பாராக! வாழ்க இயேசு! வாழ்க மரியே!