கேரியரில் பெட்டி கட்டுவது டிரைவர் வேலை மட்டுமல்ல

(கண்காட்சிக்குச் செல்லும் உறுப்பினர்களுக்காகக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



அடுத்த வாரம் நம்ம ஆறு குழுக்களோட சரக்கு வேனில் கண்காட்சிக்குக் கிளம்புது. ஸ்டால், விலைப்பட்டியல், பில் புத்தகம் எல்லாம் பேசியாச்சு. இன்னைக்கு நான் பேச வந்தது வேனுக்கு மேலே, கேரியரில் போகிற பெட்டிகளைப் பற்றி. "அதெல்லாம் டிரைவர் தம்பி பார்த்துக்குவாரு"ன்னு விட்டுடாதீங்க. பெட்டிக்குள்ளே இருப்பது வங்கிக் கடனில் செய்த சரக்கு. வித்தாலும் உடைந்தாலும் தவணை கட்டப் போவது நீங்கதான். அதைவிடப் பெரிய விஷயம், நம்ம வண்டிக்குப் பின்னால் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு ஒருத்தர் பைக்கில் வந்துக்கிட்டு இருப்பார்.

முதலில் எடை. மாட்டு வண்டி இருந்த வீட்டில் பிறந்தவங்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். முன்னால் கூடினால் மாட்டுக் கழுத்தை அழுத்தும், பின்னால் கூடினால் நுகத்தடி தூக்கிக்கும். வேனில் மேல்பாரமும் பார்க்கணும். கூரையில் எடை ஏற ஏற, வளைவில் வண்டி சாயும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு. அந்த மாதிரி ரோட்டில் இறங்கி வரும்போதுதான் இதன் அருமை தெரியும்.

பல கார்களுக்குக் கூரையில் 50 முதல் 75 கிலோ வரைதான் ஏற்றலாம்னு கம்பெனியே கையேட்டில் போட்டிருக்கு. கேரியரோட எடையும் அதில் சேர்த்தி. வண்டிக்கு வண்டி இது மாறும். அதனால் கையேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்க, கேட்பதில் கூச்சம் வேண்டாம். பட்டறையில் கனமான கேரியர் போட்டிருக்காங்க, எவ்வளவு வேணும்னாலும் தாங்கும்னு சொல்வாங்க. கேரியர் தாங்கும். அதுக்குக் கீழே இருக்கிற தகரக் கூரை தாங்கணுமே! ஊறுகாய் பாட்டில், சத்துமாவு, மண்பாண்டம் எல்லாம் வண்டிக்குள்ளே தரையில் போகட்டும். மேலே ஓலைக்கூடை, சணல் பை, துணி மட்டும். அதிலும் கனமான பெட்டி கேரியருக்கு நடுவில், இரண்டு பக்கமும் சரியான எடை.

இப்போ முக்கியமானதுக்கு வர்றேன். பெட்டிக்கு மேலே கயிறு போட்டு அழுத்திக் கட்டினால் போதும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. டவுன் பஸ்ஸில் நின்னுக்கிட்டுப் போகும்போது திடீர்னு பிரேக் போட்டால் நாம எங்கே போறோம்? முன்னால் நிற்கிற அக்கா மேலேதானே! பெட்டியும் அப்படித்தான். 20 கிலோ பெட்டின்னா, அழுத்தி பிரேக் போடும்போது கிட்டத்தட்ட 14 கிலோவைத் தொங்கவிட்டு இழுக்கிற மாதிரி முன்னால் இழுக்கும். மோதல்னா பல மடங்கு. போன வருடம் நான் ஒரு வாடகை வண்டியில் போனபோது குறுக்கே ஆடு வந்தது. பிரேக் போட்டதும் மேலே இருந்த தகரப் பெட்டி வழுக்கி, முன் கண்ணாடி மேல் வந்து விழுந்தது. யாருக்கும் அடியில்லை. இறங்கிப் பார்த்தால் கயிறு அறுபடவே இல்லை, முடிச்சும் அவிழவில்லை. பெட்டி மட்டும் கயிற்றுக்கு அடியிலிருந்து உருவிக்கிட்டுப் போயிருந்தது.

அதனால் பெட்டியைக் கேரியரின் முன்கம்பியோடு ஒட்டி வையுங்க. இடைவெளி இருந்தால் சாக்கைச் சுருட்டித் திணியுங்க. பெட்டிக்கு அடியில் பழைய ரப்பர் பாய் ஒரு துண்டு போடுங்க, இரும்பு மேலே தகரம் வழுக்கும். பிறகு ஒரு கயிறு பெட்டியின் முன்பக்கத்தை அணைத்து, இரண்டு பக்கமும் பின்னால் போய்ப் பின்கம்பியில் கட்டணும், குழந்தையை இடுப்பில் வைத்துத் துணியால் கட்டுவோமே அந்த மாதிரி. அதுக்கு அப்புறம்தான் மேலே குறுக்காக இரண்டு கயிறு. கைப்பிடியில் மட்டும் கட்டாதீங்க, பிளாஸ்டிக் கைப்பிடி ஒரு குலுக்கலில் உடையும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிக் கட்டு. ஒன்று தளர்ந்தால் மற்றது நிற்கும்.

கயிறைப் பொறுத்தவரை, வெயிலில் கிடந்து நார் நாராக உதிரும் பிளாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம். சைக்கிள் டியூபும் வேண்டாம், அது இழுபடும், பெட்டி ஆட ஆட இன்னும் இழுபடும். லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ராட்செட் பெல்ட் நல்லது. கூட்டமைப்பு நாலு வாங்கி வைத்தால் எல்லாக் குழுவுக்கும் ஆகும், இதைத் தீர்மானத்தில் எழுதுங்கன்னு கேட்டுக்கறேன். பெல்ட் இல்லைன்னா நல்ல கயிறு, லாரிக் கட்டு. ஒரு முனையைக் கம்பியில் முடிந்து, பெட்டி மேலே போட்டு, நடுவழியில் ஒரு கண்ணி போடுங்க. மறுமுனையை எதிர்க் கம்பிக்கு அடியில் விட்டு, மேலே கொண்டு வந்து கண்ணிக்குள் நுழைத்துக் கீழே இழுங்க. சும்மா இழுப்பதைவிட நல்லா இறுகும். வைக்கோல் லாரி கட்டுவதைப் பார்த்தவங்களுக்கு இது புதுசு இல்லை. கயிறு மூலையில் உராயும் இடத்தில் சாக்குத் துணி வையுங்க.

மேலே தார்ப்பாய் போட்டால் படபடன்னு அடிக்கக் கூடாது. வேகம் 40-லிருந்து 80 ஆனால் காற்றின் தள்ளல் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தி, கட்டைக் கையால் தொட்டுப் பாருங்க. பள்ளம் மேட்டில் குலுங்கி முதலில் தளர்வது அப்போதுதான். டிரைவர் சலித்துக்கொண்டால் ஒரு டீ வாங்கிக் கொடுங்க.

நம்ம தெருக்களில் மின்கம்பி தாழ்வாகத் தொங்கும். பெட்டிமேல் பெட்டி அடுக்காதீங்க. கம்பியைக் குச்சியால் தூக்கிவிடுவதும், சரக்கைப் பிடித்துக்கிட்டு யாராவது மேலே உட்காருவதும் கூடவே கூடாது. கூரையில் ஆள் பயணம் செய்வது சட்டப்படியே தப்பு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு நீட்டிக்கிட்டு இருந்தால் 20,000 ரூபாய் அபராதம்னு சட்டத்தில் இருக்கு. அது நாலு நாள் விற்பனை லாபம்!

இன்னொன்று, திரும்பி வரும்போது எல்லோரும் அசந்து போயிருப்போம். எல்லாம் வித்துப்போன சந்தோஷம் வேறே. "காலிப் பெட்டிதானே"ன்னு மேலே சும்மா வைத்துவிடுவாங்க. பாரம் இருக்கிற பெட்டியைவிடக் காலிப் பெட்டியைத்தான் காற்று சுலபமாகத் தூக்கும். ஒன்றுக்குள் ஒன்று வைத்து, மூடியைத் தனியாகக் கயிறு போட்டு இறுக்கி, போகும்போது கட்டின மாதிரியே கட்டுங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலக வாசலில் வேன் நிற்கும். எடைத் தராசு அங்கே இருக்கு. ஒவ்வொரு குழுவும் பெட்டியை எடை போட்டு, எடையையும் குழுப் பெயரையும் மூடிமேல் எழுதுங்க. கயிறும் இரண்டு பழைய சாக்கும் கொண்டு வாங்க. முதல் பெட்டியை நான் கட்டிக் காட்டறேன், அடுத்ததை நீங்க கட்டுங்க.